கரும்பின் மேல் அச்சிட்ட பணம்

மொரீஷியஸ் நாட்டு ரூபாய்த் தாளின் படம் ஒன்று தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் தமிழில் தொகை எழுதியிருக்கும். தமிழ் எண்ணும் இருக்கும். அந்த நாட்டின் நூறு ரூபாய்த் தாளில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழிவந்த தலைவருடையது. பார்த்தவர் பூரித்துப்போய் அடுத்த குழுவுக்குத் தட்டிவிடுவார்.

பூரிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. 1998 இறுதியில் மொரீஷியஸ் வங்கி புதிய வரிசைத் தாள்களை வெளியிட்டபோது, ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை மாறி இந்தி முன்னே வந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் பெரிதாகி, அச்சடித்த தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. மக்கள்தொகையில் சிறுபான்மையாக இருந்துகொண்டு ஒரு நாட்டின் பணத்தாளையே திருத்தவைத்தது சாதாரண வேலை இல்லை.

ஆனால் தமிழரின் வியர்வை அதிகம் ஊறிய பணத்தாளைத் தேடுகிறவர், அங்கிருந்து தென்மேற்கே இருநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் இன்னொரு தீவுக்குப் போக வேண்டும். அது ரீயூனியன், பழைய பெயர் பூர்போன். அன்றும் இன்றும் பிரான்ஸின் கையில் இருக்கும் தீவு. அந்தத் தீவின் வங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அச்சிட்டு வெளியிட்ட பிராங்க் தாள்களில் ஒரு தமிழ் எழுத்தும் கிடையாது, ஒரு தமிழ் முகமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டில் அவற்றைப் பற்றிப் பேசுவாரும் கிடையாது. பழைய தாள்களைச் சேகரிப்போருக்கான பட்டியல்களில் அவை வரும்: என்ன நிறம், யார் கையெழுத்து, மடிப்பு உண்டா, மூலை கிழிந்ததா என்று துல்லியமாகக் குறித்திருப்பார்கள். அந்தத் தாள் எதன் பலத்தில் செல்லுபடியானது என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை. தமிழர்கள் கேட்க வேண்டியதோ அந்த ஒரு கேள்வியைத்தான்.

இந்துமாக்கடல் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்கள் தாளை நம்பிக் கெட்ட கதை இதற்கெல்லாம் முந்தையது. 1719-20இல் பாரிஸில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் வங்கியையும் வணிகக் கம்பெனியையும் ஒன்றாகப் பிணைத்து, தாளை அச்சடித்துக் குவித்து, நாட்டையே தலைகீழாக்கிவிட்டு ஓடிப்போனார். அவர் கட்டிவைத்த கம்பெனிதான் பிறகு புதுச்சேரியையும் காரைக்காலையும் இல் த பிரான்ஸ் எனப்பட்ட மொரீஷியஸையும் பூர்போனையும் ஆண்டது. வேடிக்கை என்னவென்றால், 1765இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து பன்னிரண்டு ஆண்டு இருந்த ழான் லா த லோரிஸ்தோன் அந்த ஜான் லாவின் தம்பி மகன்தான்.

கம்பெனி தன் தீவுகளில் வெள்ளிக்குப் பதில் தாளைக் கொடுத்துக் காலம் தள்ளியது. கம்பெனி நொடித்துப் போய் மன்னரின் ஆட்சி வந்தபோதும் தாள் தொடர்ந்தது, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னும் தொடர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் மதிப்பு மளமளவென்று சரிந்தது. கடைசியில் 1810இல் ஆளுநர் தெகான், பிடிபட்ட ஒரு போர்த்துக்கீசியக் கப்பலில் இருந்த வெள்ளியை உருக்கிப் பத்து லிவர் நாணயம் அடிக்க வேண்டி வந்தது. தாளை யாரும் மதிக்காத ஊரில் கொள்ளையடித்த வெள்ளிதான் நாணயம் பேசியது. அதே ஆண்டு இரண்டு தீவுகளையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மொரீஷியஸை வைத்துக்கொண்டு பூர்போனை மட்டும் 1815இல் பிரான்ஸிடம் திருப்பித் தந்தார்கள்.

ரீயூனியன் தாளின் கதை அதற்கு அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது.

1848 டிசம்பர் 20 அன்று ஆணையர் சார்தா கரிகா அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்தார். சுமார் 62,000 பேர் விடுதலை பெற்றார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 30 அன்று பாரிஸ் நாடாளுமன்றம் ஒரு நட்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. நட்டஈடு யாருக்கு? தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு இல்லை. அவர்களைச் சொத்தாக வைத்திருந்த முதலாளிகளுக்கு. பிரெஞ்சுக் குடியேற்றங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 லட்சம் பிராங்க் ரொக்கம், அதற்கு மேல் ஆண்டுக்கு 60 லட்சம் பிராங்க் வட்டி தரும் அரசுக் கடன் பத்திரங்கள். ரீயூனியனில் இது ஓர் அடிமைக்குச் சராசரியாக 711 பிராங்க் அளவுக்கு வந்தது. பிரெஞ்சுத் தீவுகளிலேயே அதிக விலை அங்கேதான். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் ஐந்நூறைக்கூடத் தொடவில்லை.

இந்தப் பணம் முழுவதும் முதலாளிகளின் கைக்குப் போகவில்லை. அதில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, அதையே முதலாக்கித் தீவுக்கொரு வங்கி தொடங்கும்படி சட்டம் சொன்னது. பணம் பிடிக்கப்பட்டவர்கள் அந்த வங்கிகளின் பங்குதாரர் ஆனார்கள். 1851 ஜூலை 11 தேதியிட்ட சட்டம் மார்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் ஆகிய இடங்களின் வங்கிகளை ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொன்றுக்கும் 30 லட்சம் பிராங்க் முதல். பணத்தாள் வெளியிடும் ஏகபோக உரிமையும் அவற்றுக்கே. அந்தச் சட்டத்தின் தேதியைத் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். இன்று ஏதாவது ஒரு சேகரிப்பாளரின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பழைய ரீயூனியன் தாளில் அந்தத் தேதியைப் பார்க்கிறவர் அதைச் சாதாரணச் சட்ட எண் என்று கடந்துபோவார். மனிதர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை போட்டு, அந்த விலையில் பிடித்த பங்கை முதலாக வைத்த வங்கியின் பிறப்புச் சான்று அது.

வங்கிக்கு முதல் கிடைத்துவிட்டது. அது யாருக்குக் கடன் கொடுத்தது, எதன் பேரில் கொடுத்தது என்பதை அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி சட்டென்று புரிந்துகொள்வார். இந்தக் குடியேற்ற வங்கிகளுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது: வயலில் நிற்கும் பயிரின் மேல் கடன் தரலாம். விளைச்சலின் மதிப்பைக் கணித்து, அதில் மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். ரீயூனியனில் பயிர் என்றால் கரும்புதான். நட்ட கரும்பு வெட்டுக்கு வரும் முன்னே அதன் பேரில் தாள் வெளியே வந்துவிடும். சாத்தமங்கலம் ஆலைக்குக் கரும்பைப் பதிவு செய்துவிட்டு, பயிர்க்கடன் வாங்கி, வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறவருக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஒரே வேறுபாடு, இங்கே கடன் வாங்குகிறவரும் சோகை உரிக்கிறவரும் பெரும்பாலும் ஒரே குடும்பம். அங்கே கடன் வாங்கியது தோட்ட முதலாளி. கரும்பை நட்டதும் வெட்டியதும் வேறு ஆட்கள்.

யார் அந்த வேறு ஆட்கள்? விடுதலையான அடிமைகள் பழைய எஜமானின் தோட்டத்தில் தங்க விரும்பவில்லை. நிற்கும் கரும்பு நிற்க வேண்டும், அதை வெட்ட ஆள் வேண்டும், அப்போதுதான் கடனும் திரும்பும், தாளும் மதிப்போடு இருக்கும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்பிடிக்கும் வேலை மும்முரமானது. 1828இலேயே ஏனாமிலிருந்து ஒரு சிறு கூட்டத்தைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். அடிமை ஒழிப்புக்குப் பிறகு அது ஆயிரக்கணக்காகப் பெருகியது. 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் புதுச்சேரி ஆட்களைச் சுமந்துகொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி மார்த்தினிக்கில் போய் நின்றது. மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதே கப்பல் குவாதலூப்பில் இன்னொரு கூட்டத்தை இறக்கியது.

பிரெஞ்சு எல்லைக்குள் அவ்வளவு ஆட்கள் ஏது? புதுச்சேரியும் காரைக்காலும் துண்டு துண்டான சிறு பகுதிகள். ஆள் இருந்தது சுற்றியிருந்த ஆங்கிலேய ஜில்லாக்களில்: தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி. இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் அந்தப் பழைய திருச்சி ஜில்லாவுக்குள் அடக்கம். மேஸ்திரிகள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் ஆள் பார்த்து, முன்பணம் காட்டி, கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்குப் பேச்சுத் திறமைகூடத் தேவைப்படவில்லை. ஆங்கிலேயக் குடிமக்கள் பிரெஞ்சுக் கப்பலில் போவதை முறைப்படுத்த 1860, 1861ஆம் ஆண்டுகளில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஏற்றுமதித் துறைமுகங்களில் ஆங்கிலேய முகவர் ஒருவர் உட்கார்ந்து, போகிறவர் விருப்பத்தோடுதான் போகிறாரா என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். முன்பணத்தைச் செலவழித்துவிட்டு நின்றவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ரீயூனியனுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள், பெரும்பான்மை தமிழர்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், அன்றைய கணக்கில் ஐந்து ரூபாய். பெண்ணுக்கு ஏழரை பிராங்க். ஒரு நாள்கூடப் பிடித்தம் இல்லாமல் அறுபது மாதமும் முழுக்கூலி வாங்கினாலும் ஓர் ஆணுக்குக் கிடைப்பது 750 பிராங்க். ஓர் அடிமையை விட்டதற்காக முதலாளிக்குக் கிடைத்த 711 பிராங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போன அடிமைக்கு வாங்கிய நட்டஈட்டில், வந்த தமிழனின் ஐந்து ஆண்டுக் கூலி ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அடிமை ஒழிப்பு எப்படிப் பதிவாகியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

வங்கி தொடக்கத்தில் வெளியிட்ட தாள்களில் சிறியதே 25 பிராங்க். கூலிக்காரரின் இரண்டு மாத வருமானம் அது. ஆகவே அவர் உழைப்பின் மேல் நின்ற தாளை அவர் கையால் தொட்டிருக்க வாய்ப்புக் குறைவு. அவர் கைக்கு வந்தது வேறொன்று, அதன் கதை வங்கியின் கதையைவிட விசித்திரம்.

தீவில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். பிரான்ஸிலிருந்து வந்த நல்ல வெள்ளி நாணயம் சரக்கு வாங்கவே வெளியே போய்விடும். அப்போது தீவின் பெரும் பணக்காரர், சர்க்கரை ஆலைகளும் தோட்டங்களும் ஏராளமாக வைத்திருந்த கெர்வேகன், 1859இல் ஒரு காரியம் செய்தார். ஆஸ்திரியாவில் செல்லாதென்று ஒதுக்கப்பட்ட இருபது குரோய்ட்சர் வெள்ளிக் காசுகளை மலிவாக வாங்கிக் கப்பலில் வரவழைத்து, ஒரு காசு ஒரு பிராங்க் என்று புழக்கத்தில் விட்டார். அரசு தடுக்கவில்லை. ஆஸ்திரியப் பேரரசரின் தலை பொறித்த காசு, இந்துமாக்கடலின் நடுவே, தமிழ்க் கூலிகளின் சம்பளமாயிற்று. தீவு மக்கள் அந்தக் காசையே ‘கெர்வேகன்’ என்று முதலாளியின் பெயரால் அழைத்தார்கள். திருச்சி ஜில்லாவிலிருந்து போனவர் ஒருவரின் இடுப்பு முடிச்சில் வியன்னாவின் காசு! உலகமயம் என்ற சொல் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னால் இது நடந்தது.

இருபது ஆண்டு அந்தக் காசு ஓடியது. 1879இல் ஒரு நாள் செல்லாது என்று அறிவித்தார்கள். 2016 நவம்பர் எட்டாம் தேதி இரவை மறக்காத நாட்டில் அந்த நாட்களின் தவிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காசுக்குப் பதிலாகச் சில்லறைத் தொகைக்கும் தாள் வந்தது. அரசுக் கருவூலமே சிறு தாள்களை இறக்கியது. ஆனால் தீவின் தாள் தீவுக்குள் மட்டும்தான் செல்லும். ஊர் திரும்பும் கூலிக்காரருக்குக் காரைக்கால் கடைவீதியில் அதை நீட்டிப் பயனில்லை. கப்பலேறுவதற்கு முன் அதை வேறு நாணயமாக மாற்ற வேண்டும், மாற்றும் விலையைச் சொல்பவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். வெளிநாட்டுச் சம்பளத்தை ஊர்ப் பணமாக மாற்றும்போது எத்தனை கை அதில் கிள்ளும் என்பது லெப்பைக்குடிகாட்டிலும் பெரம்பலூரிலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் வீடுகளுக்குத் தெரியும். இன்று குறைந்தபட்சம் மாற்று விகிதத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கூலிப் பிடித்தம், ஞாயிற்றுக்கிழமை வேலை, ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்கு அனுப்பாமை எனப் புகார்கள் பெருகியதால் 1877இல் இரு அரசுகளும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழுவை ரீயூனியனுக்கு அனுப்பின. ஆங்கிலேயர் பக்கம் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுக்காரர் பக்கம் மியோ. புகார்கள் பொய்யில்லை என்று தெரிந்தது. 1882இல் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆங்கிலேயரின் இரக்கத்தை இதில் மிகைப்படுத்தத் தேவையில்லை. பக்கத்து மொரீஷியஸில் அவர்கள் தோட்டங்களிலேயே ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கம் சட்டப்படியே நடந்தது. அதை எதிர்த்து 1871இல் ஆயிரக்கணக்கான கூலிகள் கைநாட்டு வைத்த விண்ணப்பத்தைத் திரட்ட அடோல்ஃப் த பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவர் முன்வர வேண்டியிருந்தது.

ஆனால் பணத்தைப் பொறுத்தவரை மொரீஷியஸ் வேறு பாதையில் போனது. இந்தியக் கூலிகளோடும் வணிகர்களோடும் போன ரூபாய் அங்கே அவ்வளவு பரவியதால் 1876இல் ரூபாயே அதிகாரபூர்வ நாணயமானது. ரீயூனியனில் பிராங்க் அசையவில்லை. ஒரே ஊர்களிலிருந்து போன மக்கள், இரு கொடிகளின் கீழ். ஒரு தீவில் அவர்கள் ஊர்ப் பணம் அரசாங்கப் பணமாகி, பின்னாளில் அவர்கள் எழுத்தும் அதில் ஏறியது. இன்னொரு தீவில் அவர்கள் பெயர்கூட நிலைக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதி வீரப்பிள்ளை விராபுள்ளே ஆனார். இன்றும் அங்கே தமிழ் வழியினருக்கு ‘மல்பார்’ என்றுதான் பெயர். தீமிதி நடக்கிறது, காவடி எடுக்கிறார்கள், மொழி போய்விட்டது.

புதுச்சேரியின் பக்கம் திரும்பினால் அங்கேயும் ஒரு பிரெஞ்சு வங்கி தாள் வெளியிட்டிருக்கிறது. 1875இல் பாரிஸில் தொடங்கிய இந்தோசீனா வங்கிக்கு வியட்நாமின் தென்பகுதியோடு பிரெஞ்சிந்தியாவிலும் தாள் வெளியிடும் உரிமை இருந்தது. சுற்றிலும் ஆங்கிலேயரின் ரூபாய் இருந்ததால் இங்கே பிராங்க் எடுபடவில்லை. பிரெஞ்சு வங்கியே ரூபாயில்தான் தாள் அடித்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஒரு ரூபாய்த் தாளும், 1937க்குப் பின் ஐந்து ரூபாய்த் தாளும் வந்தன. 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேரும் வரை அவை ஓடின. மும்பையில் உள்ள ரிசர்வ் வங்கி அருங்காட்சியகம் இவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. புதுச்சேரித் தாளுக்கு இந்தியாவில் ஓர் இடம் உண்டு. புதுச்சேரி வழியாகப் போனவர்களின் உழைப்பில் நின்ற ரீயூனியன் தாளுக்கு இல்லை.

ரீயூனியன் வங்கி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாள் வெளியிடும் உரிமையை இழந்தது. பிறகு தீவில் சி.எஃப்.ஏ. பிராங்க் புழங்கியது. ஐம்பது பழைய பிராங்குக்கு ஒரு புதிய பிராங்க் என்ற கணக்கில், பழைய தாள்களின் மேலேயே புதிய தொகையைக் குத்தி வெளியிட்ட காலமும் உண்டு. அவற்றில் ஒன்றில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய விக்தர் ஷோல்ஷேரின் படம் இருந்தது. அடிமை விலையில் முளைத்த தீவுப் பணத்தில் நூறாண்டு கழித்து அவர் முகம் ஏறியதைப் பாவநிவர்த்தி என்று சொல்லலாம், வெறும் அலங்காரம் என்றும் சொல்லலாம். அவர் இந்தியக் கூலி இறக்குமதியையும் எதிர்த்தவர் என்பது தமிழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சேதி. 1975இல் தீவு பிரான்ஸின் பிராங்குக்கே மாறியது. 2002 ஜனவரி முதல் தேதி யூரோ தாளும் காசும் புழக்கத்துக்கு வந்தபோது, கிழக்கே இருப்பதால் முதலில் விடிந்தது ரீயூனியனில்தான். தலைநகர் சான்-தெனியின் சந்தையில் ஒரு கிலோ லிச்சிப் பழம் வாங்கியதுதான் யூரோவின் போணி என்று அன்றைய செய்திகள் எழுதின. இன்றும் யூரோ தாளின் பின்பக்கத்தில் ஐரோப்பிய வரைபடத்துக்குக் கீழே சின்னஞ்சிறு கட்டங்களில் பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிகளைக் காணலாம். அதில் ஒரு புள்ளி ரீயூனியன்.

இதில் அரியலூருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வட்டாரத்துக்குக் கடல் கடந்த பெருமை பேசுவதில் குறைவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனின் கடற்படைக்கு விழா எடுக்கிறோம். கீழப்பழுவூருக்குப் பக்கத்து வாரணவாசியில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததைக் காட்டும் புதைபடிவங்களுக்கு அருங்காட்சியகமே கட்டியிருக்கிறோம். நல்ல காரியம்தான். பழுவூர்க் கோயில்களின் சுவர்களிலோ, விளக்கெரிக்கப் பொன்னும் ஆடும் கொடுத்தவர் பெயர்கள் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் நிற்கின்றன. பழுவேட்டரையர் மட்டும் இல்லை, அவர்களைச் சார்ந்து வாழ்ந்தவர்களும் அங்கே பதிவாகியிருக்கிறார்கள். நிதி என்றால் அதைக் கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார் என்று எழுதிவைக்கும் பழக்கம் உள்ள மண் இது. அதே மண்ணைச் சேர்ந்த ஜில்லாவிலிருந்து நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கப்பலேறியவர்கள் ஒரு தீவின் பணத்தையே தாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை. மன்னன் கடல் தாண்டினால் வரலாறு, கூலி கடல் தாண்டினால் தலைவிதி என்று பிரித்துவைத்த மனம்தான் காரணம்.

இது புதுச்சேரி அரசின் வேலை, தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமில்லை என்று தட்டிக்கழிப்போரும் உண்டு. அது சரியில்லை. கப்பல் புறப்பட்டது பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து. ஏறியவர்களில் மிகப் பலர் ஆங்கிலேய ஜில்லாக்களின் குடிகள். அவர்களுக்காகத்தான் இரு அரசுகளும் உடன்படிக்கை போட்டன. அந்த ஜில்லாக்கள் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் இல்லை. மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், அந்தத் தீவுக்கு வந்த கூலிகளின் பதிவேடுகளைப் பாதுகாத்து, வழித்தோன்றல்கள் தேடிவந்தால் முன்னோரின் விவரத்தை எடுத்துக் கொடுக்கிறது. பீகார் வழிவந்தவர்கள் அந்த விவரத்தோடு ஊர் தேடி வருவது வழக்கமாகிவிட்டது. ரீயூனியனிலும் பிரெஞ்சு அதிகாரிகள் எழுதிய பதிவேடுகள் தீவின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு அவற்றின் நகலைக் கேட்டு வாங்கி, காதால் கேட்டுப் பிரெஞ்சில் எழுதிய பெயர்களையும் ஊர்களையும் தமிழுக்குத் திருப்ப வேண்டும். அந்த வேலை பாரிஸ்காரருக்கு வராது. கொள்ளிடத்துக்கு வடக்கே எந்த ஊருக்கு என்ன பேச்சுப் பெயர் என்று தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பழுவூர் என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எத்தனை விதமாகச் சிதைக்கலாம் என்பதை உள்ளூர்க்காரர்தான் ஊகிப்பார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. 1955 முதல் அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இயங்குகிறது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைக்க ஓர் அரசாணையும் சிறு நிதியும் போதும். பட்டியல் உருவான பிறகு, சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் ஏலத்தில் வரும் ரீயூனியன் தாள் ஒன்றையும் ஒரு கெர்வேகன் காசையும் வாங்கி, அவற்றின் பக்கத்திலேயே அந்த மாவட்டங்களிலிருந்து போனவர்களின் பெயர்களை ஊர்வாரியாக வைக்கலாம்.